படகு மாமாவை நான் எழுப்பிய கதை

ஒரு மூங்கில் ஏணி, ஒரு கட்டிங் பிளேயர், அஞ்சாம் வகுப்புப் படிப்பு. நகரியிலிருந்து சித்தூருக்கு நான் கொண்டு போனது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள். கம்பம் இல்லாத தெருவில் புளியமரத்துக்குப் புளியமரம் கேபிள் இழுத்தேன். டிஷ் வைக்க மொட்டை மாடி தரமாட்டேன் என்ற வீட்டுக்காரரை அவர் மாமியாரைப் பிடித்து மடக்கினேன். குரங்கு கடித்த ஒயரை ஒட்டினேன். இடி விழுந்து கருகிப்போன ஆம்ப்ளிஃபயரை நானே பிரித்து நானே சேர்த்தேன். அதற்கென்று படித்தவன் வந்து பார்த்துவிட்டு, இது எப்படி ஓடுகிறது என்று தலையைச் சொறிந்தான். பெரிய கம்பெனிக்காரன் ஆள் விட்டு என் ஒயரை வெட்டினான். வெட்டின இடத்திலேயே நாற்காலி போட்டு மூணு நாள் உட்கார்ந்தேன், நாலாம் நாள் அவன் போய்விட்டான். சித்தூரில் லோக்கல் சேனல் என்று ஒன்று முதலில் வந்தது என் கண்ட்ரோல் ரூமிலிருந்து. சாயந்திரம் ஆறு மணி என்றால் குழந்தைகளுக்குப் பொம்மைப் படம் என்று ஊருக்குப் பழக்கினவன் நான். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். இளையவளை ஜப்பான் வரைக்கும் அனுப்பினேன்.

அந்த இளையவள் ஹேமா போன வருஷம் என்னை ஜப்பானுக்கு அழைத்துப் போனாள். அங்கே அவள் படம் வரைகிற கம்பெனியில் வேலை செய்கிறாள். கார்ட்டூன் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், அனிமே என்று சொல்ல வேண்டும். பதினோரு நாள் இருந்தேன். பிளாட்பாரத்தில் கோடு போட்டிருக்கிறான், ரயில் கதவு அந்தக் கோட்டுக்கு நேராக வந்து திறக்கிறது. பச்சை மீனைச் சோற்று உருண்டை மேல் வைத்துக் கொடுத்தார்கள், கண்ணை மூடி விழுங்கினேன். எல்லாம் பெருமையாகத்தான் இருந்தது, ஹேமாவின் ஆபீசில் நான் வாயைத் திறக்கும் வரை.

அங்கே நொமுரா என்று ஒரு அம்மா, ஹேமாவுக்கு மேலதிகாரி. ஐம்பத்தைந்து வயசிருக்கும். ஆட்களை வரைய மாட்டார். ஆட்களுக்குப் பின்னால் இருக்கிற வானம், சுவர், தண்ணி இதை மட்டும்தான் வரைவார். அவர் மேஜைக்கு மேலே ஒரு படம் மாட்டியிருந்தது. கடலில் ஒரு நீலப் படகு.

"இந்தப் படகை எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியாமல் என்ன? இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு நடைபாதைக் கடையில் சிடி வாங்கி, சித்தூரில் என் சேனலில் ஓட்டின படம். தீவுக்குத் தீவு தபால் கொண்டு போகிற ஒரு மாமன், கூடவே போகிற அவன் அக்கா மகள், ஒரு படகு. பதிமூன்று பாகம். எட்டாவதில் மாமன் நோய் வந்து செத்துப் போவான். அப்புறம் அந்தப் பெண் தனியாகப் படகை ஓட்டிக்கொண்டு போய், கடைசிப் பாகத்தில் கடைசிக் கடிதாசியைக் கொடுப்பாள்.

நொமுரா அம்மா கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டார். அது அவர் வேலை செய்த முதல் படமாம். அவர்கள் ஊரிலேயே ஓடவில்லையாம். கடைசிப் பாகத்துக் கடலை அவர் ஒருத்தரே ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்தாராம், யாரும் பார்க்கவில்லையாம். ஹேமா வழியாகக் கேட்டார்: "உங்கள் ஊரில் கடைசிப் பாகம் வரை காட்டினீர்களா?"

"கடைசி வரைக்கும். சித்தூரே அழுதது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடுப்பு வரை குனிந்து எனக்கு வணக்கம் சொன்னார். நானும் குனிந்தேன்.

நான் சொன்னது பொய். பதிமூன்றில் சித்தூர் பார்த்தது எட்டுதான்.

அமெரிக்காக்காரன் பொம்மைப் படத்துக்கும் ஜப்பான்காரன் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று படித்தவர்கள் பெரிதாகப் பேசுகிறார்கள். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவனுக்கு அது வேறு மாதிரி தெரியும். அமெரிக்காப் படம் ஏழு நிமிஷம். துரத்துகிற பிராணி ஒன்று, ஓடுகிற பிராணி ஒன்று. எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி ஜவுளிக்கடை விளம்பரம் போடலாம். திங்கட்கிழமைப் படத்தை வியாழக்கிழமை போட்டால் ஒருத்தனும் கேட்க மாட்டான். பாறை விழுந்து அப்பளமாகப் போன பிராணி அடுத்த நொடி உதறிக்கொண்டு எழுந்துவிடும். ஓடுகிற வழியில் அதே பூந்தொட்டி, அதே கதவு, அதே பூந்தொட்டி. ஒரு ஓட்டத்தில் பதினோரு தடவை எண்ணியிருக்கிறேன்.

ஜப்பான் படம் அப்படி இல்லை. மழை பெய்யும், யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். கொடியில் துணி மட்டும் ஆடும். "படம் ஸ்ட்ரக் ஆயிடுச்சு, கேபிளைப் பாருங்க" என்று வீட்டுக்கு வீடு போன் வரும். படம் அவர்கள் பாஷையில் இருந்ததால் நான் மைக்கைப் பிடித்து, தமிழும் தெலுங்கும் கலந்து, கதை சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். "இப்ப பாருங்கடா, மாமா வலிக்கிறாரு, மாமாவுக்குப் பசி" என்று. பசங்களுக்கு அதுதான் மாமன் குரல். படகு மாமா என்று பேரே வைத்துவிட்டார்கள்.

எட்டாம் பாகம் போட்ட அன்றைக்குப் போன் நிற்கவில்லை. பிள்ளைகள் சோறு துன்னவில்லை, அழுகிறார்கள், என்னய்யா படம் போடுகிறாய் என்று அம்மாக்கள் கத்தினார்கள். எனக்கு ஒரு யோசனை வந்தது. மறுநாள் ஆறு மணிக்கு ஒன்பதாவது சிடியைப் போடாமல் இரண்டாவது சிடியை எடுத்துப் போட்டேன். மாமன் சும்மா ஜம்மென்று படகு வலிக்கிறான். மைக்கில் சொன்னேன்: "பாத்தீங்களா, மாமா எழுந்துட்டாரு! செத்தெல்லாம் போவல, நல்லாத் தூங்கினாரு!" அப்படியே மூணு, நாலு என்று ஓட்டிவிட்டு, ஏழோடு நிறுத்தி, பழைய அமெரிக்காப் படத்துக்கு மாறிவிட்டேன். செத்தவனை ஒரு சிடியில் எழுப்பினவன் என்று கேபிள்காரர்கள் நடுவில் எத்தனையோ வருஷம் பீற்றிக்கொண்டேன்.

ஹேமாவுக்கு இது தெரியாது. அவள் நகரி வீட்டில் இருந்தாள், என் கேபிள் சித்தூரில். அவள் பிடிவாதம் பிடித்ததால் பதிமூன்று சிடியையும் வரிசையாக வீட்டு பிளேயரில் அவளுக்குக் காட்டினேன்.

இந்த மாசி மாதம் நொமுரா அம்மா ஹேமாவோடு நகரிக்கே வந்துவிட்டார். புதிய படம் ஒன்றில் நம்ம பக்கத்து ஊர் ஒன்று வருகிறதாம், நேரில் பார்த்துத்தான் வரைவார்களாம். அது ஒரு வேலை. இன்னொரு வேலை, சித்தூரில் அந்தக் கடைசிப் பாகத்தைப் பார்த்தவர்களைக் கண்டுபிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். கடல் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கடல் எப்படித் தெரிந்தது?

நாலு நாள், அவரைக் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டியவன் நான்.

முதல் நாள் என் காரில் கிளம்பினோம். டிரைவர் எதற்கு, நான் இருக்கும்போது? கங்காதர நெல்லூருக்கு முன்னால் வண்டி இருமியது, அப்புறம் நின்றது. பானெட்டைத் திறந்து, ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றில் செருகினேன். புகை வந்தது. ஹேமா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நைனா, டிவி இல்ல இது, கார்" என்றாள்.

வெல்லம் ஏற்றிக்கொண்டு சித்தூருக்குப் போகிற மினி லாரி ஒன்று நின்றது. டிரைவருக்கு முப்பது வயசிருக்கும். பெரியவரே என்பதைத் தெலுங்கில் பெத்தாயனா என்று கூப்பிட்டான்.

"ஏம் பெத்தாயனா, சீனாலேர்ந்து வந்தவங்கள வெல்லத்து மேல ஏத்திக்கினு போறியா?"

"சீனா இல்லடா, ஜப்பான்."

"ஏதோ ஒண்ணு. எறும்பு கடிக்கும், சொல்லிடு."

ஹேமா சொன்னாள். நொமுரா அம்மா யோசித்துவிட்டு, எறும்பு இருக்கட்டும், வெல்லத்தின் நிறம் மூட்டைக்கு மூட்டை ஏன் மாறுகிறது என்று கேட்டார். டிரைவருக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வழியில் நிறுத்தி, ராகி சங்கட்டியும் (கேழ்வரகுக் களிதான்) வேர்க்கடலைச் சட்னியும் வாங்கிக் கொடுத்தான். நான் அந்த ஊரில் பச்சை மீனை விழுங்கின மாதிரி இவர் கண்ணை மூடவில்லை. கையாலே உருட்டி, குழி பண்ணி, சட்னி தொட்டுத் தின்றார்.

சாப்பிட்டுக்கொண்டே அவனிடம் கேட்டார்: "படகு மாமா பார்த்திருக்கிறீர்களா?"

நான் என் சங்கட்டியில் இன்னொரு குழி பண்ணினேன்.

"எனக்கு வெதுருகுப்பம் பக்கம்மா. எங்க ஊருக்கெல்லாம் அப்ப கேபிளே வரல" என்றான்.

என் கேபிள் போகாத ஊர் ஒன்று இருக்கிறதே என்று வாழ்க்கையில் முதல் தடவை சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் நாள் சித்தூர். கோயிலைக் காட்டலாம் என்றால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைவீதியில் நின்று அண்ணாந்து ஒயர்களைப் போட்டோ எடுத்தார். கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, அங்கேயிருந்து மாடிக்கு, சிக்கலும் முடிச்சுமாக. நான் இழுத்ததும் அதில் இருக்கிறது என்றேன், எது என்று கைகாட்டினேன். அவர் நோட்டில் வரைந்து அதன் பக்கத்தில் என் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அமெரிக்காப் படத்துத் தெருவில் ஒயரே இருக்காது, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "தெரு என்றால் ஓடுவதற்கு இடம், அவ்வளவுதான். எங்களுக்கு அங்கே யாரோ குடியிருக்க வேண்டும். குடியிருந்தால் ஒயர் வரும், துரு வரும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. மதியம் வரைதான்.

ஹேமாவின் போனுக்குக் கவர் வாங்க ஒரு செல்போன் கடைக்குள் போனோம். கடைக்காரர் பாஸ்கர், முப்பத்தஞ்சு வயசுக்குக் குறையாது, இதே தெருவில் பிறந்தவர். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு பக்கம் மனசு நொந்தது, ஒரு பக்கம் நிம்மதி. ஹேமா கேட்டவுடன் தெலுங்கில் ஆரம்பித்துவிட்டார். தமிழில் சொல்கிறேன்.

"படகு மாமாவா! அதை எப்படிம்மா மறக்கறது? ஆறு மணிக்கு இந்தத் தெருவுல ஒரு பையன் இருக்க மாட்டான்."

நொமுரா அம்மாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. கடைசியில் கடல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"கடலா? கடைசியில என்ன, மாமா புதுப் படகுல வருவாரே, அதுதான் சூப்பர். சாவுற மாதிரி பாவ்லா பண்ணிட்டு மறுநாள் புதுப் படகோட வருவாரு பாருங்க!"

ஹேமா மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் குறுக்கே விழுந்தேன். "அப்ப இவரு சின்னப் பையன்மா. ரெண்டு மூணு படத்தைப் போட்டுக் குழப்பிக்கினாரு. இதைப் போய் அந்தம்மாகிட்ட சொல்லிக்கினு."

பாஸ்கர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "பெரியவரே, உங்க குரலை எங்கியோ கேட்ட மாதிரி கீதே?"

"ஆந்திராவுல பாதிப் பேருக்கு இதே குரல்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே ஹேமாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு வந்த நொமுரா அம்மா, கடைவாசலில் நின்று நோட்டில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். "புதுப் படகு, பக்கத்துல ஒரு கேள்விக்குறி" என்றாள் ஹேமா.

மூன்றாம் நாள் பஸ்ஸில் திருப்பதி. உலகமே மேலே போகத் துடிக்கிறது, இந்த அம்மா மலைக்குக் கீழே இருக்கிற டிரான்ஸ்பார்மரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மொட்டை போட்ட ஒரு குடும்பம், தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை, சந்தனம் பூசி வரிசையாக நடந்து போயிற்று. அவர்கள் தலைகளின் நிழலை மட்டும் வரைந்தார். எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. எந்த முப்பது, முப்பத்தஞ்சு வயசுக்காரரைப் பார்த்தாலும் சித்தூராக இருக்குமோ என்று பயமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். கல்லாவிலும் பரிமாறுவதிலும் ஒரே பெண், மஞ்சுளா என்று பேர். இலை போட்டுக்கொண்டே, "எந்த ஊரு?" என்று கேட்டாள். நகரி என்றாள் ஹேமா. "நம்ம பக்கம்தான். நான் சித்தூர் சந்தைப்பேட்டை" என்றாள் மஞ்சுளா.

நான் அந்த நிமிஷமே வாயை மூடினேன். என் முகத்தை ஊருக்குத் தெரியாது, என் குரலைத்தான் தெரியும். சாம்பார் வேண்டுமா என்றால் தலையை ஆட்டினேன். ரசத்துக்குக் கையைக் குவித்தேன். பேசாமல் இருந்து எனக்குப் பழக்கம் இல்லை.

"நைனா, ஏன் பேச மாட்டன்ற? உடம்பு சரியில்லியா?"

இல்லை என்று கையை ஆட்டினேன்.

ஹேமா கேட்டாள். மஞ்சுளாவிடம்தான், படகு மாமா பார்த்திருக்கிறாயா என்று. அவள் சாதக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ, படகு மாமா! அந்த ஆள நம்பி நான் பட்ட பாடு கீதே. அவரு செத்தாரு இல்ல, நாங்கல்லாம் அழுதோம். மறுநாளு எழுந்துட்டாரு. மைக்ல ஒருத்தன் பேசுவான் எப்பவும், செத்தெல்லாம் போவல, தூங்கினாருன்னான். அடுத்த வாரம் எங்கம்மா போய்ட்டாங்க."

கூடையை மேஜை மேல் வைத்தாள்.

"எனக்கு எட்டு வயசு. வூடே அழுவுது, நான் மட்டும் அழுவல. எதுக்கு அழுவணும், நாளைக்கு எழுந்துக்குமேன்னு சொல்லிக்கினு திரியறேன். குழியில எறக்கறாங்க, மண்ணு போடாதீங்க, எழுந்தா மூச்சு முட்டும்னு ஒரே சண்டை. எங்க சித்தி வுட்டா பாரு ஒரு அறை! மறுநாளு ஸ்கூலுக்குப் போவல. வாசல்லயே குந்திக்கினு இருந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாகிவிட்ட கதை என்று தெரிந்தது. ஹேமா தாழ்ந்த குரலில் ஜப்பான் பாஷையில் சொல்லச் சொல்ல நொமுரா அம்மாவின் கை இலை மேலேயே நின்றது. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. எந்த இடத்தில் மண் விழுந்தது, எந்த இடத்தில் அறை விழுந்தது என்று மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

"இந்தம்மா அதுல வேலை செஞ்சவங்களா?" என்றாள் மஞ்சுளா. "கேளும்மே, நெசமாச் சொல்லச் சொல்லு. அவரு செத்தாரா இல்லியா?"

நொமுரா அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். ஹேமா சொன்னாள்: "செத்துட்டாராம். எட்டாவதுல. அன்னைக்கு வானத்தை இவங்கதான் வரைஞ்சாங்களாம்."

"அப்ப மைக்ல சொன்னவன்?"

ஹேமா என்னைப் பார்த்தாள். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

மூணாவது தடவை ரசம் ஊற்றிவிட்டு மஞ்சுளா அடுத்த மேஜைக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

வெளியே வந்து ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நொமுரா அம்மா எதிர்ப்பக்கம் போய் ஒரு சுவரை வரைய ஆரம்பித்தார். ஹேமா கேட்டாள்.

"அது நீதானே?"

"பசங்க அழுதாங்க ஹேமா. சோறு துன்னல. போன் மேல போன். நான் இன்னா பண்றது?"

"எனக்கு மட்டும் வூட்ல கடைசி வரைக்கும் போட்டுக் காட்டின."

"காட்டினேன்."

"நான் அழல?"

"அழுத. ரெண்டு நாளு."

"அப்புறம்?"

"நீ என் பொண்ணு. நீ தாங்குவன்னு எனக்குத் தெரியும்."

"மத்தவங்க பொண்ணு?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

"அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றேன். "நீ அப்படியே மாத்திச் சொல்லு. மெருகு போடாத."

சாலையைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். எட்டாவதோடு நிறுத்தினேன், மாமனை எழுப்பினேன், கடைசிப் பாகத்தைச் சித்தூரில் ஒருத்தரும் பார்க்கவில்லை, உங்கள் ஆபீசில் நான் சொன்னது பொய். நொமுரா அம்மா பென்சிலைக் கீழே வைக்கவில்லை. கோபப்படுவார், இல்லை, அவர்கள் வழக்கப்படி பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது: "எட்டுக்கு அப்புறம் எந்தப் பாகம் போட்டீர்கள்?"

"ரெண்டாவது."

"இரண்டில் படகு நல்ல நீலம். எட்டுக்குள் உப்பு அரித்து வெளுத்துவிடும். பாகத்துக்குப் பாகம் நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்தேன். எந்தக் குழந்தையும் கேட்கவில்லையா?"

கேட்டார்கள். அதுதான் என்னைக் கொன்றது. படகு எப்படிப் புதுசாச்சு என்று எத்தனையோ பிள்ளைகள் போன் செய்து கேட்டார்கள். மைக்கில் சொன்னேன், மாமா பெயின்ட் அடிச்சிட்டாருடா என்று. அவர் பாகத்துக்குப் பாகம் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை எட்டு வயசுப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள், நான் ஒரு வார்த்தையில் அழித்துவிட்டேன்.

இதையும் சொன்னேன். பிள்ளைகள் கேட்டார்கள் என்ற இடத்தில் அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"அமெரிக்காக்காரர்கள் பொய் சொல்லவில்லை" என்றார். "விழுந்தவன் எழுவான் என்று முதல் நிமிஷத்திலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுகிறார்கள். குழந்தையும் அதை ஒப்புக்கொண்டுதான் சிரிக்கிறது. நாங்களும் முதல் நிமிஷத்திலேயே சொன்னோம், பெயின்ட் போகும், போனால் வராது என்று. நீங்கள் எங்கள் படத்தைப் போட்டுக்கொண்டே, விழுந்தவன் எழுவான் என்கிற அவர்கள் வாக்கைக் கொடுத்துவிட்டீர்கள்."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி மறுபடி வரைய ஆரம்பித்தார்.

நாலாம் நாள் காலை அவரே ஹேமாவிடம் சொன்னாராம், அந்த மெஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று. கடைசிப் பாகம் அவர் லேப்டாப்பில் இருந்தது. பதினொன்றரைக்குப் போனோம், சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால். மஞ்சுளா வாழையிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹேமா வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன்.

"அம்மா, அந்த மைக்ல பேசினவன் நான்தான்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, குரல்தான் முதலில் அவள் காதில் விழுந்தது. துடைத்த இலையையே மறுபடி துடைத்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"நீயா? நேத்து மூணு தடவ ரசம் வாங்கிக் குடிச்சியே, அப்ப எங்க போச்சு இந்த வாயி?"

"பயந்துட்டேன்."

"பெரிய மனுஷன், வெள்ளையுஞ் சொள்ளையுமா வந்து குந்திக்கினு, கையை ஆட்டி ஆட்டிக் கேக்கற. ஊமை போலன்னு பாவப்பட்டு நான் அப்பளம் வேற வெச்சேன்!"

ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சுளா சிரிக்கவில்லை.

"எங்கம்மா மூஞ்சிய கடைசியா நான் பாக்கவே இல்ல, தெரியுமா? நாளைக்குப் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்றேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. சுவரிலிருந்த டிவியைக் காட்டினாள். "இன்னா கொண்டாந்திருக்கியோ போடு."

நாற்காலி மேல் ஏறி ஒயரைச் செருகினேன். இரண்டாவது தடவைதான் நுழைந்தது. இறங்கி ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

படம் ஓடிற்று. அந்தப் பெண் தனியாகப் படகு வலிக்கிறாள். படகில் நீலம் என்று ஒன்றுமே இல்லை, வெறும் கட்டை. ரொம்ப நேரம் பேச்சே இல்லை. கடல் விடியலில் ஒரு நிறம், வெயில் ஏறினால் ஒரு நிறம், மேகம் போகும்போது பாதிக் கடல் மட்டும் கறுக்கிறது. ஒரு இடத்தில் அவள் துடுப்பை விட்டுவிட்டு மாமன் உட்காருகிற பலகையைப் பார்க்கிறாள். மறுபடி வலிக்கிறாள். யாரோ சாப்பிட வந்து, "மீல்ஸ் ரெடியா?" என்றார். மஞ்சுளா திரும்பாமலே கையைக் காட்டி உட்கார வைத்தாள். என் வாய் அரித்தது. இப்ப பாருங்க, பொண்ணு கரைக்கு வந்துட்டா என்று சொல்லத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முடிந்ததும் மஞ்சுளா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நொமுரா அம்மாவிடம் நேராகத் தமிழிலேயே சொன்னாள்: "தண்ணிதான்னு நெனச்சேன். தண்ணி இல்ல, அது. நாளு, ஒண்ணொண்ணாப் போவுற நாளு." ஹேமா கொஞ்சம் தடுமாறித்தான் அதை மாற்றிச் சொன்னாள். நொமுரா அம்மா கேட்க வந்த பதில் அதுதான் போலிருக்கிறது. நோட்டை எடுக்காமல் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் மஞ்சுளா வந்தவருக்கு இலை போட்டாள். எங்களுக்கும் போட்டாள். எனக்கு அப்பளம் வைக்கவில்லை.

கிளம்பும்போது ஹேமா சொன்னாள், புதுப் படத்தின் கடைசியில் நன்றி சொல்லிப் பேர்கள் ஓடுமாம். ஊரைச் சுற்றிக் காட்டினதற்கு என் பேரையும் சேர்க்கப் போகிறார்களாம். வேறு நாளாக இருந்தால் நானே கேட்டு வாங்கியிருப்பேன்.

"அப்படிப் போடாத" என்றேன். "போடறதா இருந்தா சரியாப் போடு. எட்டாம் பாகத்துல செத்தவரை மறுநாளு எழுப்பினவரு, சித்தூருப் பசங்களுக்குக் கடைசிப் பாகத்தைக் காட்டாதவருன்னு போடு."

"அப்படியெல்லாம் போட மாட்டாங்க நைனா."

அவர்கள் போட மாட்டார்களாம். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த நாளில் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்த சித்தூர்க்காரர்கள் யார் இதைப் படித்தாலும் தெரிந்துகொள்ளுங்கள், படகு மாமா செத்துவிட்டார். எட்டாம் பாகத்தில். அதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஜப்பான்காரர்கள் இல்லை. போன் செய்த உங்கள் அம்மாக்களும் இல்லை; அவர்கள் பிள்ளை சாப்பிடவில்லை என்றுதான் சொன்னார்கள், பொய் சொல்லு என்று சொல்லவில்லை. யோசனை என்னுடையது, கை என்னுடையது, குரல் என்னுடையது. இந்த வேலையில் வேறு ஒருத்தர் பேரையும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. எங்கே எழுதினாலும், யாரிடம் சொன்னாலும் என் பேரை முழுசாகப் போட வேண்டும். கே. முனிரத்தினம், நகரி. இனிஷியலை விட்டுவிடாதீர்கள், அதே பேரில் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.